மலிவைத் தேடி மூன்று நாடுகள்

(முன்னாள் மாணவி, வேதியியல் துறை)

வெளிநாட்டில் படித்துத் திரும்பியவர்களிடம் நம் ஊரில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே இரண்டு. பெரியவர்கள், "அங்கே சோறு கிடைக்குமா?" என்பார்கள். கல்லூரித் தங்கைகள், "செலவுக்கு என்ன செய்தீர்கள், அக்கா?" என்பார்கள். முதல் கேள்விக்கு விடை எளிது: அரிசி எங்கும் கிடைக்கும், ஆக்கத் தெரிந்தால் சோறும் கிடைக்கும். இரண்டாவதற்கு ஒரு வரியில் விடை சொல்ல இயலவில்லை. ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஆசிரியர் குழு எழுதியபோது, அந்த விடையையே கட்டுரையாக்கிவிடலாம் என்று துணிந்தேன்.

நான் ஜெர்மனியின் மேற்கு எல்லையில் உள்ள ஆக்கன் நகரில், 2022 அக்டோபர் முதல் இரண்டு ஆண்டுகள் முதுகலை படித்தேன். அங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் பாடக் கட்டணம் கிடையாது; அரையாண்டுக்கு ஒரு முறை ஏறத்தாழ 300 யூரோ செலுத்தினால் போதும். ஆனால் விசா வாங்கும் முன்பே, ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு உரிய தொகையை ஒரு கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும். நான் சென்றபோது அது 10,332 யூரோ. அன்றைய மதிப்பில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். (2024 செப்டம்பரில் அது 11,904 யூரோவாக உயர்ந்துவிட்டது, போக விரும்பும் தங்கைகள் குறித்துக்கொள்க.) அந்தப் பணத்தை நாம் கட்டினாலும் நாம் நினைத்தபடி எடுக்க முடியாது. மாதம் 861 யூரோதான் கைக்கு வரும். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் என் தாய்க்கு எட்டு லட்சம் ஏது? வங்கிக் கடன்தான். ஆகவே நான் செலவிட்ட ஒவ்வொரு யூரோவும் வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டிய யூரோ.

போன புதிதில் எங்கள் எல்லோரையும் ஒரு நோய் பிடித்துக்கொள்ளும். அதற்குப் 'பெருக்கல் நோய்' என்று விடுதியில் பெயர் வைத்திருந்தோம். எதைப் பார்த்தாலும் எண்பதால் பெருக்கிப் பார்ப்பது. ஒரு கோப்பைத் தேநீர் 2 யூரோ என்றால் மனம் 160 ரூபாய் என்று அலறும். முடி வெட்டும் கடையின் விலைப் பலகையைப் படித்துவிட்டு என் கேரளத்துத் தோழி அன்றே கத்தரிக்கோல் வாங்கிக்கொண்டாள். எங்கள் விடுதியில் பிறகு அவளே நாவிதர். இந்த நோய்க்கு மருந்து இரண்டு. ஒன்று, வாரத்தில் சில மணி நேரம் வேலை செய்து அந்த ஊர்ப் பணத்தையே சம்பாதிப்பது. மற்றொன்று, மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் போவது. முதலாவதைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவிச் செய்தேன். இரண்டாவதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஆக்கன் நகரின் இருப்பிடமே ஓர் அதிர்ஷ்டம். அதன் அருகில் ஒரு குன்று. 322 மீட்டர் உயரம். அதன் உச்சியில் ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஆகிய மூன்று நாடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. வேலி இல்லை, சோதனைச் சாவடி இல்லை. ஒரு கல் மட்டும் நட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஒரு சந்தைக்குப் போய்விட்டு அடுத்த சந்தைக்குப் போவதுபோல, அங்கே ஒரே நாளில் மூன்று நாட்டுக் கடைகளுக்குப் போய்வரலாம். மூன்று நாட்டிலும் ஒரே நாணயம். ஆனால் சட்டமும் வரியும் வழக்கமும் வேறு வேறு. விலை வேறுபாடு பிறப்பது அந்த இடைவெளியில்தான்.

ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் அன்று கடை திறக்கமாட்டார்கள். ஞாயிறு ஓய்வு நாள் என்பது 1919ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டு, இன்றைய சட்டத்திலும் தொடர்கிறது. சனிக்கிழமை மாலை உப்பு வாங்க மறந்தவர் திங்கள்வரை உப்பில்லாமல் உண்ண வேண்டியதுதான். ஆனால் ரயிலில் ஒரு மணி நேரம் சென்றால் பெல்ஜியத்தின் லியேஜ் நகரம். அங்கே ஞாயிறு காலையில்தான் மியூஸ் ஆற்றங்கரை நெடுகிலும் 'லா பாத்' என்னும் மாபெரும் சந்தை கூடுகிறது. அந்நாட்டின் மிகப் பழைய சந்தைகளுள் ஒன்று. காய்கறி, பாலாடைக்கட்டி, பூச்செடி, கோழி, செருப்பு, சட்டை என்று ஆற்றோடு ஆறாகக் கடைகள் ஓடுகின்றன. நம் ஊர் வாரச் சந்தைக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு மொழி ஒன்றுதான். அங்கே பிரெஞ்சில் கூவுகிறார்கள்.

எனக்கு முதல் குளிர்காலம் நெருங்கிக்கொண்டிருந்த சமயம் அது. ஊரிலிருந்து கொண்டுபோன சுவெட்டர் ஊட்டிக்குப் போதும், ஆக்கனுக்குப் போதாது. கடைவீதியில் நல்ல கம்பளி மேலங்கி 120 யூரோவுக்குக் குறைந்து இல்லை. வாடகையும் உணவும் போக என் கையில் மிஞ்சுவதே அதற்குக் குறைவு. நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, லா பாத்தில் பழைய உடை விற்கும் ஒரு கிழவரின் தட்டியில் சாம்பல் நிற மேலங்கி ஒன்றைக் கண்டேன். உள்துணியைத் திருப்பிப் பார்த்தேன், தையல் உறுதி. பொத்தான்கள் முழுமை. 25 யூரோ என்றார். நான் புதிதாகக் கற்ற பிரெஞ்சு எண்களில் "பன்னிரண்டு" என்றேன். அவர் சிரித்து நெற்றியில் கை வைத்துக்கொண்டார். 15க்குத் தந்தார். இரண்டு குளிர்காலம் அந்த அங்கி என்னைக் காத்தது. திரும்பும்போது அடுத்து வந்த ஒரு தங்கைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பேரம் பேசுவது பற்றி ஒரு வார்த்தை. திருப்பூர்ப் பெண்ணுக்குப் பேரம் கற்றுத்தர வேண்டுமா? காதர்பேட்டையில் என் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கற்ற பாடம் அது. ஆனால் எல்லா இடத்திலும் அது செல்லாது. கடைக்குள் அச்சிட்ட விலையில் பேரம் பேசினால் விழிப்பார்கள். பழம்பொருள் சந்தையில் பேசாவிட்டால்தான் விழிப்பார்கள். அந்த ஊர் மொழியில் இருபது வரை எண்ணத் தெரிந்தாலே விலை இறங்கிவிடும். பெல்ஜியத்துப் பிரெஞ்சில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் பாரிஸ் நகரத்தாரிடம் இல்லாத எளிய சொற்கள் உண்டு. பாரிசில் எழுபதை 'அறுபது பத்து' என்பார்கள். லியேஜில் 'செப்டான்ட்' என்று முடித்துவிடுவார்கள். அந்தச் சொல்லைச் சொன்னால் கடைக்காரர் முகம் மலரும். இன்னொன்று, சந்தை கலையும் நேரம் பிற்பகல் இரண்டுக்கு மேல். வண்டியில் திருப்பி ஏற்ற மனமில்லாத பழப்பெட்டிகள் அப்போது அடிமாட்டு விலைக்கு வரும். ஒரு பெட்டி மாம்பழத்தை ஐந்து பேர் பங்கிட்டுக்கொண்டு ரயிலிலேயே தின்று தீர்த்த நாளும் உண்டு.

எல்லை தாண்டாமலே கிடைக்கும் மலிவும் ஒன்று சொல்ல வேண்டும். ஆக்கன் நகரம் 'பிரிண்டன்' என்ற மசாலா ரொட்டிக்குப் பெயர் பெற்றது. சாக்லெட்டுக்குப் பெயர்போன லிண்ட் நிறுவனத்தின் ஜெர்மன் ஆலையும் அங்கேதான் இருக்கிறது. இந்த ஆலைகள் தம் வாசலிலேயே கடை வைத்து, உடைந்தவற்றையும் வடிவம் கோணியவற்றையும் பையில் கட்டிக் குறைந்த விலைக்கு விற்கின்றன. சுவையில் குறை ஏதுமில்லை, அழகில்தான் குறை. முதன்முறை அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இது நம் காதர்பேட்டைச் 'செகண்ட்ஸ்' அல்லவா! ஒரு பொத்தான் தள்ளித் தைத்ததற்காகக் கப்பல் ஏறாமல் நின்ற சட்டை நம் ஊரில் பாதி விலைக்கு வருவதுபோல, மூலை உடைந்த பிரிண்டன் அந்த ஊரில் பாதி விலைக்கு வருகிறது. ஊருக்கு வரும்போது எங்கள் தெருவுக்கு நான் கொடுத்த இனிப்பு முழுவதும் உடைந்த இனிப்பே. யாரும் குறை சொல்லவில்லை.

காப்பிப் பிரியர்களுக்காக ஒரு பத்தி. வறுத்த காப்பிக்கொட்டைக்கு ஜெர்மனியில் கிலோவுக்கு 2 யூரோ 19 சென்ட் தனி வரி உண்டு. நெதர்லாந்தில் அந்த வரி இல்லை. ஆகவே எல்லையில் வாழ்வோர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காப்பி வாங்கி வருவது வழக்கம். சொந்த உபயோகத்துக்கு 10 கிலோ வரை குற்றமில்லை. இந்த வழக்கத்துக்குப் பெரிய வரலாறே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1945 முதல் 1953 வரை, ஆக்கன் எல்லைக் காடுகளில் காப்பிக் கடத்தல் கொடிகட்டிப் பறந்தது. பசித்த வீட்டுப் பிள்ளைகள்கூட இரவில் மூட்டை சுமந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனவர்களும் உண்டு. போரில் இடிந்த ஷ்மிட் என்ற சிற்றூரின் தேவாலயத்தைத் திரும்பக் கட்டக் கடத்தல்காரர்களும் காணிக்கை தந்தார்களாம். அதனால் அதை 'புனித மோக்கா' என்று ஊரார் கேலியாக அழைக்கிறார்கள். 1953இல் வரியைக் குறைத்தார்கள், கடத்தலும் ஓய்ந்தது. இன்று ஒரு மாணவி சிரித்துக்கொண்டே பையில் வைத்துக் கொண்டுவரும் காப்பிக்காக அன்று ஒருவன் காட்டில் மடிந்தான் என்று எண்ணும்போது, டிகாஷன் சற்றுக் கசக்கத்தான் செய்தது.

சிறு விடுமுறைகளில் இன்னும் சற்றுத் தொலைவு போவோம். பிரஸ்ஸல்ஸ் நகரில் மரோல் என்றொரு பழைய உழைப்பாளர் பகுதி. அங்கே 'பந்தாட்டச் சதுக்கம்' என்று பொருள்படும் திடலில் 1873 முதல் பழம்பொருள் சந்தை நடக்கிறது. ஆண்டு முழுவதும் தினந்தோறும் காலையில் கூடும். இறந்தவர் வீட்டைக் காலி செய்து வந்த சாமான்களைப் பெட்டியோடு கல்தரையில் கொட்டிவிடுகிறார்கள். தட்டுகள், கடிதங்கள், மூக்குக் கண்ணாடிகள், யாரோ ஒருவரின் திருமணப் புகைப்படம். ஐரோப்பாவில் இத்தகைய சந்தைகளுக்குத் 'தெள்ளுப்பூச்சிச் சந்தை' என்று பெயர். பழந்துணியோடு பூச்சியும் இலவசமாக வந்த காலத்துப் பெயர். அந்தக் குவியலில் நான் ஒரு தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். பிடி தேய்ந்திருந்தது, அலகில் 'சோலிங்கன்' என்று பொறித்திருந்தது. சோலிங்கன் ஜெர்மனியின் வெட்டுக்கருவி நகரம். அங்கே செய்த கத்திகளுக்கும் கத்தரிகளுக்கும் மட்டுமே அந்தப் பெயரைப் போடலாம் என்று சட்டமே உண்டு. விலை 4 யூரோ. பேரம் பேசவில்லை. இரவில் வீட்டில் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைக்கும் என் தாய் இன்று அதைத்தான் பயன்படுத்துகிறார்.

பிரான்சிலும் பெல்ஜியத்திலும் தள்ளுபடி விற்பனைக்குக்கூடச் சட்டத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். பெல்ஜியத்தில் ஜனவரி 3 முதலும் ஜூலை 1 முதலும். பிரான்சில் ஜனவரியிலும் ஜூன் இறுதியிலுமாக ஆண்டுக்கு இரண்டு முறை. 2020 முதல் ஒவ்வொன்றும் நான்கு வாரம். ஜெர்மனியில் இத்தகைய கட்டுப்பாடு 2004இல் நீக்கப்பட்டதால் அங்கே எந்நாளும் ஏதாவது ஒரு தள்ளுபடிப் பலகை தொங்கும். நாள் குறித்த தள்ளுபடியில் வாரம் செல்லச் செல்ல விலை இறங்கும்; அளவு பொருந்தும் துணியும் குறையும். இரண்டுக்கும் நடுவே காத்திருக்கும் பொறுமைதான் மாணவியின் மூலதனம்.

இவற்றையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். இனி எழுதப்போவது அப்படி அல்ல.

2023ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு வெள்ளிக்கிழமை, பேருந்தில் எல்லை தாண்டி நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகருக்குச் சென்றோம். லியேஜில் பார்த்த அதே ஆறுதான் அங்கும் ஓடுகிறது. நகர மன்றத்தின் முன்னுள்ள திடலில் புதனும் வெள்ளியும் சந்தை, வெள்ளிக்கிழமை பெரிது. ஒரு மேசையில் பருத்திப் பனியன் சட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. மூன்று 10 யூரோ. கூட்டம் அள்ளிக்கொண்டிருந்தது. நானும் ஒன்றை எடுத்து, பழக்கத்தால் கழுத்துப் பட்டியைத் திருப்பிப் பார்த்தேன். 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்றிருந்தது. ஊர்ப் பெயர் இல்லை. ஆனால் நம் நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது திருப்பூரிலிருந்துதானே! ஓவர்லாக் தையலைப் பார்த்தபோது நம் ஊர்க்காரரை அயலூரில் கண்டாற்போல இருந்தது.

அன்று மாலையே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். பெருமையோடுதான் சொன்னேன்.

"ஏனம்மணி, சட்டையில பிசிறு கிசிறு இருக்குதா பாரு."

"ஒண்ணுமில்லம்மா."

"பக்கத் தையல் பிரியாம இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்பச் செக்கிங் நல்லாத்தான் பண்ணியிருக்காங்க. வெல என்ன சொன்னே?"

"ஒண்ணு முந்நூறு ரூவாக்குள்ளதான் வருதும்மா."

சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "கப்பலேறி அத்தன தூரம் வந்தும் முந்நூறுதானா? அப்பத் தெச்சவளுக்கு என்னத்தக் குடுத்திருப்பாங்க, கண்ணு?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அன்றிரவு தாளெடுத்துக் கணக்குப் போட்டேன். 3 யூரோ 33 சென்ட்டில் சந்தைக்காரருக்கு லாபம், திடலுக்கு வாடகை, அரசுக்கு வரி, கப்பலுக்குக் கூலி, இறக்குமதி செய்தவருக்கு, ஏற்றுமதி செய்தவருக்கு, நூலுக்கு, சாயத்துக்கு. எல்லாம் போக, பவர்டேபிளில் தைத்தவருக்கும், பிசிறு வெட்டியவருக்கும், செக்கிங் பார்த்தவருக்கும் என்ன மிஞ்சும்? என் தாயின் ஒரு நாள் கூலியில் அந்த மலிவுச் சட்டை இரண்டு வாங்க முடியாது. நான் மலிவு என்று கொண்டாடியதில் ஒரு பகுதி என் வீட்டிலிருந்தே கழிக்கப்பட்டதோ என்று தோன்றியது.

மனிதர்களின் கணக்கு இது. ஆற்றின் கணக்கு வேறு. நம் நொய்யல் எத்தனை நிறத்தில் ஓடியது என்பது உங்களுக்குத் தெரியும். சாயக்கழிவைச் சுத்திகரிக்காமல் விட்டதற்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. நூற்றுக்கணக்கான ஆலைகள் நின்றன. நீரைச் சுத்திகரிக்க ஆகும் செலவைச் சட்டையின் விலையில் சேர்க்காதவரை அந்தச் சட்டை மலிவாகத்தான் இருக்கும். அந்தச் செலவை ஒரத்துப்பாளையத்து உழவர்கள் கட்டிக்கொண்டிருப்பார்கள். வங்காள தேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபோதும் இதே கேள்விதான் எழுந்தது. ஜெர்மனியில் பெரிய நிறுவனங்கள் தமக்குச் சரக்கு அனுப்பும் ஆலைகளின் நிலையைக் கவனிக்க வேண்டும் என்ற சட்டம் 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சட்டம் வந்த ஆண்டில்தான் நான் அந்த மேசையின் முன் நின்றேன்.

"அப்படியானால் அந்தச் சட்டையை வாங்கினீர்களா, அக்கா?" என்று கேட்பீர்கள். வாங்கினேன். தம்பிக்கு ஒன்று, எனக்கு இரண்டு. வாங்காமல் வந்திருந்தால் தைத்தவருக்கு ஒரு காசும் கூடியிராது, ஆர்டர்தான் குறைந்திருக்கும். எங்கள் வீட்டில் ஆர்டர் குறைந்த மாதம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மலிவை வெறுக்கும் வசதி கடன் வாங்கிப் படிப்பவளுக்குக் கிடையாது. ஆனால் மலிவில் இரண்டு வகை உண்டு என்பது அன்று விளங்கியது. கிழவரின் மேலங்கியும், உடைந்த பிரிண்டனும், தேய்ந்த கத்தரிக்கோலும் ஒருவருக்கு வேண்டாதது மற்றவருக்குப் பயன்படுவதால் வரும் மலிவு. அதில் யார் வயிறும் காயவில்லை. மற்றொரு மலிவு, எங்கோ ஒருவர் கூலியிலும் எங்கோ ஓர் ஆற்றிலும் கைவைத்து வருவது. அதன் பிறகு என் பயணங்களில் இயன்றவரை முதல் வகையையே தேடினேன்.

வெளிநாடு செல்லவிருக்கும் தங்கைகளுக்கு என் அனுபவத்தில் கண்ட சில சொல்கிறேன். பயணச்சீட்டின் விலையையும் வாங்கும் பொருளின் விலையோடு சேர்த்துக் கூட்டுங்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்லியிருக்கிறார்கள். நால்வராகச் செல்லுங்கள்; குழுச் சீட்டும் மிச்சம், துணையும் பலம். ஊரிலிருந்து புறப்படுமுன் வேண்டியவற்றைப் பட்டியலிட்டு, பட்டியலில் இல்லாததை ஒரு வாரம் கழித்து வாங்குங்கள். கனமான குளிர் உடையை இங்கே வாங்கிச் சுமக்காதீர்கள்; அங்கே பழையது நல்லதாகக் கிடைக்கும். உள்தையலைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். உங்களுக்குப் பயன் முடிந்ததை அடுத்து வருபவருக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இன்று நான் நம் பகுதியில் சாய நீரைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணி செய்கிறேன். கடனில் பாதிக்கு மேல் இன்னும் பாக்கி. அம்மா இன்றும் காலை எட்டரைக்குச் செக்கிங் மேசைக்குப் போகிறார். அவரிடம் "பிசிறு ஒன்றும் இல்லை" என்று மாஸ்ட்ரிக்ட் சட்டையைப் பற்றி நான் சொன்னதை, அவர் தம் மேசைத் தோழிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டாராம். விலையை மட்டும் சொல்லவில்லையாம்.